சிம்மை முதலில் கழற்றாதீர்கள்: பழைய போனிலிருந்து புதிய போனுக்கு மாறும் வரிசை

கடையில் புதுப் போன் பெட்டியைப் பிரித்ததும் முதலில் நடப்பது ஒன்றுதான். கடைப்பையன் ஊசியால் பழைய போனின் தட்டைக் குத்தி, சிம்மை உருவி, புதியதில் போட்டுவிடுவான். தஞ்சாவூரானாலும் மன்னார்குடியானாலும் மயிலாடுதுறையானாலும் இதே கதைதான். எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடி உண்டென்றால் பழைய போன் அங்கேயே கல்லாவுக்குள் போய்விடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். கூகுள் கேட்கும் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது, வாட்ஸ்அப்பில் பழைய பேச்சு ஒன்றுகூட இருக்காது, பணம் அனுப்பும் செயலி சரிபார்க்க முடியவில்லை என்று நிற்கும்.

பழி புதுப் போன் மேல் விழுகிறது. ஆனால் கோளாறு வரிசையில்தான் இருக்கிறது. சிம் மாறுவது கடைசிப் பக்கம் வரும் வேலை, பழைய போனைக் கைவிடுவது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை. இந்த இரண்டையும் மாற்றிச் செய்யாவிட்டால் பாதி எரிச்சல் வராது.

எந்த நாளில் மாறுவது

திங்கள் அல்லது செவ்வாய்க் காலையில் தொடங்குங்கள். ஏதாவது சிக்கினால் வங்கிக்குப் போய்க் கேட்க நாலு வேலை நாள் கையில் இருக்கும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமையும் ஞாயிறும் வங்கி கிடையாது என்பதை மறந்து சனிக்கிழமை மாலையில் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம்.

விவசாயக் குடும்பம் என்றால் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். குறுவை அறுப்பிலும், தை மாசியில் சம்பா அறுப்பிலும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் வாரங்களில் போன் மாற்ற வேண்டாம். வங்கிச் செய்தி, ஓடிபி எல்லாம் அந்த நேரத்தில்தான் தேவைப்படும். கல்யாணம், பத்திரப்பதிவு போன்று பெருந்தொகை அனுப்ப வேண்டிய நாளுக்கு முதல் நாளும் கூடாது. காரணம் கீழே வருகிறது.

சிம்மையே மாற்ற வேண்டியிருந்தால், உதாரணமாகப் பழைய பெரிய சிம், உடைந்த சிம், பிஎஸ்என்எல் 3ஜி காலத்து சிம், அதைப் போன் வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் செய்யாது, போகவும் செய்யாது. சிம் திருட்டு மோசடியைத் தடுக்க தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி இது. தட்டில் போடாமல் போனுக்குள்ளேயே இயங்கும் இ-சிம்முக்கு மாறினாலும் இதே 24 மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் போனும் புது சிம்மும் ஒரே நாளில் வந்தால் ஓடிபி எதுவும் வராமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கையில் தயாராக வைக்க வேண்டியவை: ஏடிஎம் கார்டு, ஆதார் எண், இரண்டு மூன்று நாள் செலவுக்கு ரொக்கம். இரண்டு போனிலும் பாதிக்கு மேல் சார்ஜ். சிம்மில் ரீசார்ஜ் உயிரோடு இருக்க வேண்டும்.

பழைய போனில் முடிக்க வேண்டியவை

முதலில் கூகுள் கணக்கு. பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் எந்த ஜிமெயில் என்று தெரியும். நம் பக்கத்தில் பல போன்களில் அந்த ஜிமெயிலைத் தொடங்கிக் கொடுத்ததே கடைக்காரர்தான். கடவுச்சொல் அவருக்கும் நினைவிருக்காது, போன்காரருக்கும் தெரியாது. பழைய போனில் கணக்கு திறந்திருக்கும்போதே செட்டிங்ஸ், கூகுள், கணக்கு நிர்வாகம், பாதுகாப்பு என்று போய்க் கடவுச்சொல்லை மாற்ற முயலுங்கள். பழையது மறந்துவிட்டது என்று சொன்னால் பெரும்பாலும் போனின் ஸ்கிரீன் லாக்கைக் கேட்டோ மீட்பு எண்ணுக்கு ஓடிபி அனுப்பியோ புதியதை வைக்க விடும். அந்த மீட்பு எண் உங்களுடையதுதானா என்று அங்கேயே பாருங்கள். எப்போதோ செத்துப்போன எண் இருந்தால் மாற்றுங்கள். புதிய கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். எழுதிவைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் வீட்டில் மறந்துபோகிற கடவுச்சொற்களைவிடத் திருட்டுப்போகிற தாள்கள் குறைவு.

அடுத்தது தொடர்பு எண்கள். இவை மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும்: கூகுள் கணக்கில், போனில், சிம்மில். கூகுளில் உள்ளவை தானாக வரும். மற்ற இரண்டும் வராது. காண்டாக்ட்ஸ் செயலியில் எக்ஸ்போர்ட் என்று இருக்கும். அதை அழுத்தி எல்லா எண்களையும் ஒரே விசிஎஃப் கோப்பாகச் சேமித்து, உங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். புதுப் போனில் அதைத் திறந்தால் எல்லாம் இறங்கிவிடும். எல்லாவற்றையும் சிம்மில் ஏற்றி எடுத்துப்போகிற பழைய வழக்கம் வேண்டாம். சிம்மில் இடம் குறைவு, நீளப் பெயர் பாதியில் அறுந்துவிடும். தமிழில் எழுதிய பெயர் இன்னும் சீக்கிரம் அறும், ஏனென்றால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் அங்கே தனித்தனி இடம் பிடிக்கும். மூன்று ‘மாயவரம் மா’ இருந்தால் எது மாமா, எது மாமி, எது மாடிவீடு என்று கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஓடுகிறது என்று நம்பியிருப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி, அதில் ஜிமெயில், டிரைவ், படங்கள், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாமே சேர்த்தி. நிரம்பிவிட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும். மேலும், கேமராவில் எடுத்தவைதான் இயல்பாக ஏறும், வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் கோப்புறையைத் தனியாக அனுமதித்தால்தான் ஏறும். பேரக்குழந்தை படம் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்ததாகத்தான் இருக்கும் என்பதால் இதை விடாதீர்கள். இணையத்தை நம்பாமல் வேலை முடிக்க வேண்டுமானால் 64 ஜிபி டைப்-சி பென்டிரைவ் ஒன்று போதும்.

மெமரி கார்டு போட்டிருந்தால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைப் பாருங்கள். அதை உள்நினைவகமாக ஃபார்மட் செய்திருந்தால், கழற்றி வேறு போனில் போட்டால் ஒன்றும் தெரியாது. அந்தக் கார்டு அந்தப் போனோடு பூட்டப்பட்டது. அதிலுள்ளதை முதலில் பென்டிரைவுக்கு மாற்றுங்கள். புதிய போனில் கார்டுக்கு இடமே இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் இரண்டாவது சிம்மின் இடத்தைப் பங்குபோடும் தட்டாக இருக்கலாம். வாங்கும்போதே கேளுங்கள்.

நெல், வாழைத்தார், வைக்கோல் பேரம் பேசுகிறவர்கள் கால் ரெக்கார்டிங்கை ஆதாரமாக வைத்திருப்பார்கள். அவை எந்த பேக்கப்பிலும் தானாக ஏறாது. ஃபைல்ஸ் செயலியில் ரெக்கார்டிங்ஸ் கோப்புறையைத் தேடிக் கையால் எடுங்கள். புதுப் போனில் அழைப்புக்குக் கூகுளின் டயலர் செயலி இருந்தால், பதிவு தொடங்கும்போது இரு பக்கமும் அறிவிப்பு ஒலிக்கும். மறைக்க வழியில்லை. இதை வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு கொந்தளிக்கும் வியாபாரிகள் நிறைய.

பின் எண் கேட்காமல் சிறு தொகை அனுப்ப உதவும் யூபிஐ லைட்டில் பணம் வைத்திருந்தால் அதை மூடிக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். லைட் பணம் அந்தக் குறிப்பிட்ட போனோடு கட்டப்பட்டது, புதுப் போனில் தெரியாது.

வாட்ஸ்அப்

சிம் இன்னும் பழைய போனில்தான் இருக்கிறது. புதுப் போனுக்கு இணையம் பழைய போனின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து வரட்டும். கூகுள் கணக்கைப் போட்டதும் பழைய போனில் ‘நீங்கள்தானா?’ என்று கேட்கும், ஆம் என்று தொடுங்கள். புதுப் போன் முதல்முறை எழும்போதே பழையதிலிருந்து நகலெடுக்கவா என்று கேட்கும். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிள் இருந்தால் அதை மாட்டிச் செய்வதே விரைவு. சாம்சங் வாங்கியவர்களுக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச் இன்னும் சுலபம். செயலிகளும் படங்களும் வந்துவிடும். வங்கிச் செயலிகளும் வாட்ஸ்அப் பேச்சும் மட்டும் தனி வேலை.

பலர் வாட்ஸ்அப் பேக்கப்பை டிரைவில் ஏற்றி இறக்கப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் 8 ஜிபி பேக்கப்பை ஏற்றி, மறுபடி இறக்குவது பத்து நாளுக்கு மேல் பிடிக்கும் வேலை. ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் அது தேவையே இல்லை. இப்படிச் செய்யுங்கள்:

1. இரண்டு போனிலும் வைஃபையையும் லொக்கேஷனையும் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.
2. பழைய போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று போய் ‘ஸ்டார்ட்’ என்பதைத் தொடுங்கள்.
3. புதுப் போனில் வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணைக் கொடுங்கள். 6 இலக்க எண் பழைய போனுக்கு வரும், பார்த்து அடியுங்கள்.
4. பழைய போனிலிருந்து பேச்சுகளை மாற்றவா என்று புதுப் போன் கேட்கும். சரி சொல்லி அனுமதிகளைக் கொடுத்தால் ஒரு கியூஆர் வரும். அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்யுங்கள்.
5. முடியும்வரை இரண்டு போனிலும் வேறு செயலிக்குப் போகாதீர்கள்.

பேச்சுகள் போனிலிருந்து போனுக்கு நேராகப் போகும், டேட்டா செலவாகாது. இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நாலாவது படியில் அவசரத்தில் ஸ்கிப்பைத் தொட்டுவிடுவது. அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். புதுப் போனிலிருந்து வாட்ஸ்அப்பை நீக்கி, மறுபடி நிறுவி, முதலிலிருந்து தொடங்கலாம். பழைய போனில் உள்ளதை மட்டும் அழிக்கக் கூடாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தால் அந்த 6 இலக்க பின் கேட்கும். அதை முன்கூட்டியே பழைய போனில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு என்றால் வழி வேறு. மூவ் டு ஐஓஎஸ் செயலி மூலம், ஐபோன் முதன்முதலில் தயாராகும்போதே செய்தாக வேண்டும். ஐபோனைத் தொடங்கி நாலு நாள் பயன்படுத்திவிட்டு நினைவு வந்தால் அதை முழுக்க அழித்துத்தான் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.

துபாய், அபுதாபியில் இருக்கும் பிள்ளைகளோடு பேச போட்டிம் (Botim), ஐமோ போன்ற அழைப்புச் செயலிகள் வைத்திருப்பவர்கள் அவற்றையும் இந்த நேரத்திலேயே புதியதில் திறந்துவிடுங்கள். ஓடிபி பழைய போனுக்கு வரும்.

இப்போது சிம், அதன் பிறகு பணம்

இனி சிம்மை மாற்றலாம். மாற்றியதும் யாருக்காவது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப் செய்தி இல்லை, சாதா எஸ்எம்எஸ். அது போனால்தான் யூபிஐ செயலி வேலை செய்யும். உங்கள் எண் இதுதான் என்று உறுதிசெய்ய, செயலி உங்கள் சிம்மிலிருந்து தானே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். சரிபார்ப்பில் நிற்கும் போன்களில் முக்கால்வாசி இந்த ஒரு எஸ்எம்எஸ் போகாததால் நிற்பவை. ஏன் போகாது?

ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது போட்டது டேட்டா மட்டும் உள்ள பேக்காக இருக்கும். இரண்டு சிம் போட்டிருந்தால் வங்கியில் பதியாத சிம்மைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அப்படியானால் சரிபார்ப்பு முடியும்வரை மற்ற சிம்மை செட்டிங்ஸில் அணைத்து வையுங்கள். செயலிக்கு எஸ்எம்எஸ் அனுமதி தராமல் விட்டிருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் கணக்கு கிடைக்கவில்லை என்று வந்தால், வங்கியில் பதிந்திருக்கும் எண்ணே வேறு. டெல்டாவில் இது சர்வ சாதாரணம். அப்பாவின் கணக்கில், வெளிநாடு போவதற்கு முன் மகன் கொடுத்த எண் அப்படியே கிடக்கும். அதற்குக் கிளைக்கு நேரில் போய் எண்ணை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

சரிபார்ப்பு முடிந்ததும் பழைய யூபிஐ பின் எண்ணே செல்லும். புதிய பின் வைக்கத் தேவையில்லை. மறந்திருந்தால் ஏடிஎம் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாதமும், அல்லது ஆதார் ஓடிபியும் கொண்டு புதிதாக வைக்கலாம்.

பிறகும் முதல் நாள் பெரிய தொகை போகாது. போன் மாறியதும் ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரம், ஐபோனில் 72 மணி நேரம், பொதுவாக 5,000 ரூபாய்தான் உச்சம். உரக்கடையில் மூட்டைகளை ஏற்றிவிட்டு 18,000 அனுப்பப் பார்த்துத் தோற்றால் போன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கடை வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை அதே கணக்கோடு வேலை செய்துகொண்டே இருக்கும்.

எரிச்சலின் உச்சத்தில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று இணையத்தில் தேடி, முதலில் வரும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். மோசடிக்காரர்கள் வலைவிரித்துக் காத்திருக்கும் இடம் அதுதான். ஏடிஎம் கார்டின் பின்பக்கம் உள்ள எண், அல்லது செயலிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கம் மட்டும். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஆதார் செயலி ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் இயங்கும். ஆவணங்களை வைக்கும் டிஜிலாக்கர் எங்கே திறந்தாலும் வரும்.

கைக்குப் பழகாத சங்கடங்கள்

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போன் அணையாமல் ஏதோ உதவியாளர் வந்து பேசும். திரையின் மேலிருந்து இரண்டுமுறை இழுத்தால் பவர் குறி தெரியும், அதைத் தொட்டு அணைக்கலாம். கீழே இருந்த மூன்று பொத்தான்கள் காணாமல்போய், விரலால் தள்ளச் சொன்னால் வயதானவர்களுக்குப் பெரும் பாடு. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘நேவிகேஷன்’ என்று தேடி, மூன்று பொத்தான் முறையைத் திருப்பி வையுங்கள். அப்பா அம்மாவுக்குப் போன் தயார் செய்பவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுவே, எழுத்தளவைப் பெரிதாக்குவது இரண்டாவது.

செய்தி வந்தும் ஒலிக்கவில்லை, செயலியைத் திறந்தால்தான் எல்லாம் கொத்தாக விழுகிறது என்ற புகார் சியோமி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் அதிகம். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் உள்ள செயலிகளை அவை கொன்றுவிடும். ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய்த் தடையில்லை என்று வையுங்கள். ஆட்டோஸ்டார்ட் இருந்தால் அதையும் அனுமதியுங்கள். வங்கிச் செயலிக்கும் அப்படியே.

தமிழ்த் தட்டச்சு: கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்க்கும்போது நேரடித் தமிழ் விசை வேண்டுமா, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக வர வேண்டுமா என்று அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் ஒன்றைத் தொட்டுவிட்டுப் பழைய கீபோர்டு போய்விட்டது என்று நினைக்கிறார்கள். தமிழ்99 விசை அமைப்பில் பழகியவர்களுக்குச் செல்லினம் என்ற செயலி உண்டு. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

சார்ஜர் பெட்டியில் இல்லை என்றால் பழையதையே மாட்டலாம், கெடாது. ஆனால் 10 வாட் சார்ஜரில் 5,000 எம்ஏஎச் பேட்டரி நிரம்ப இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும். இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளைக் கொடுத்திருந்தால் பழைய சார்ஜரில் அது நுழையாது.

செட்டிங்ஸில் ‘எமர்ஜென்சி’ என்று தேடி, அவசர எச்சரிக்கைகள் போடப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய வேதாரண்யம் பக்கத்திலிருந்து கொள்ளிடம் வரை, கடலோரத்தில் இருப்பவர்கள் அதை அணைத்து வைக்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த போன்

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் வீடுகளில் புதுப் போன் என்றால் பாதி நேரம் அது பெட்டியில் வந்ததுதான். ஐபோன் 17 வரிசையில் அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைனில் விற்கப்படுபவற்றில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். உங்கள் எண்ணை இ-சிம்முக்கு மாற்றியாக வேண்டும் என்று தெரிந்து வாங்கச் சொல்லுங்கள். சில சாம்சங் மாடல்களின் பெட்டியில் எந்த வட்டாரத்து சிம்மோடு தொடங்க வேண்டும் என்று ஸ்டிக்கர் இருக்கும். வாங்கிய நாட்டு சிம்மைப் போட்டு 5 நிமிடம் பேசிவிட்டு அனுப்பினால் அந்த வட்டாரப் பூட்டு திறந்துவிடும். ஊருக்கு வந்த பிறகு அது முடியாத காரியம். சார்ஜரின் மூன்று தட்டைக் கால்கள் நம் பிளக்கில் நுழையாது, சின்ன அடாப்டர் ஒன்று வாங்குங்கள்.

வேறொருவர் பயன்படுத்திய போனை வாங்குகிறீர்கள் என்றால், *#06# அடித்துக் கிடைக்கும் 15 இலக்க எண்ணை, KYM என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் செய்யுங்கள். திருட்டுப் போனாகத் தடுக்கப்பட்டிருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பழைய போனைக் கைவிடுவது

குறைந்தது ஒரு மாதம் அலமாரியில் இருக்கட்டும். ஏதோ ஒரு செயலி, ஏதோ ஒரு படம் அப்போதுதான் நினைவுக்கு வரும். இணையத்தில் எக்ஸ்சேஞ்ச் போட்டு வாங்கினால் டெலிவரிக்காரர் வாசலிலேயே பழையதை வாங்கிக்கொண்டு போய்விடுவார், புதியதுக்கு மாற்ற நேரமே இருக்காது. சில ஆயிரம் தள்ளுபடிக்காக இதில் இறங்குவதானால் வாட்ஸ்அப் உட்பட எல்லாவற்றையும் முதல் நாளே டிரைவிலும் பென்டிரைவிலும் ஏற்றி முடித்திருக்க வேண்டும்.

கொடுக்கும் நாளில் மெமரி கார்டை எடுங்கள். பிறகு செட்டிங்ஸில் கணக்குகள் பக்கத்துக்குப் போய்க் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபோன் என்றால் உங்கள் பெயரைத் தொட்டு வெளியேறுங்கள். அதன் பிறகுதான் போனை முழுக்க அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரீசெட் அடித்தால் போன் எழுந்ததும் அதே கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், வாங்கியவர் வீடு தேடி வருவார். கூகுள் கடவுச்சொல்லைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் 24 மணி நேரம் கழித்து ரீசெட் செய்யுங்கள். ரீசெட் முடிந்து மொழி தேர்ந்தெடுக்கும் திரை வந்ததும் ஹாட்ஸ்பாட் கொடுத்து இரண்டு படி தள்ளிப் பாருங்கள். பழைய கணக்கைக் கேட்காமல் புதுக் கணக்கைப் போடச் சொன்னால் அணைத்துவிட்டுக் கொடுக்கலாம்.